மூன்று வாக்குப்பதிவுச் சேவைகள்: திறமூலச் சமூகத் தேர்தலுக்கு எது தகும்?

ஒரு திறமூல மென்பொருள் சமூகம் தன் தலைமைக் குழுவை வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுப்பதென்று முடிவுசெய்ததும், அந்த வாக்குகளை எங்கே, எதில் பதிவுசெய்வது என்ற கேள்வி எழுகிறது. வாக்காளர்கள் பல நாடுகளில், பல நேர மண்டலங்களில் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஒரு பயனர்பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியுமே பலருக்கு அடையாளம். எதிரெதிர்த் தரப்பு முகவர்கள் பக்கத்தில் அமர்ந்து வாக்குப்பெட்டியைக் கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கு இங்கே வழியே இல்லை. ஆகவே அந்தக் கண்காணிப்புப் பணியின் பெரும்பகுதியை மென்பொருளே ஏற்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய தேர்தல்களில் அதிகம் அறியப்பட்ட மூன்று சேவைகளைத் தேர்தல் அலுவலராகவும் வாக்காளராகவும் கையாண்டிருக்கிறேன்: சி.ஐ.வி.எஸ், ஹீலியோஸ், எலெக்டோ. மூன்றுமே கட்டணமில்லாதவை, மூன்றின் மூலநிரலும் பொதுவில் கிடைக்கிறது, மூன்றும் வாக்குகளைச் சரியாகவே எண்ணுகின்றன. எனவே எண்ணும் திறமையை வைத்து இவற்றுள் உயர்வு தாழ்வு சொல்ல இயலாது. நான் இங்கே கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: தோற்றுப்போன வேட்பாளர், அலுவலரையோ சர்வரை நடத்துபவரையோ நம்பியாக வேண்டிய கட்டாயமின்றி, தாம் தோற்றது உண்மைதான் என்பதைத் தாமே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா? வென்றவருக்கு ஐயம் வருவதில்லை. தேர்தல் முறையின் தரம் தோற்றவரிடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. அதிலும் தன்னார்வலர்களால் இயங்கும் ஒரு சமூகத்தில், ஐயம் தீராத ஒருவர் ஓசையின்றி விலகிப் போய்விடலாம், அல்லது உரிமம் அனுமதிப்பதால் மூலநிரலை நகலெடுத்துக்கொண்டு தனிக் கிளையாகவே பிரிந்துபோகலாம். இரண்டும் சமூகத்துக்குப் பேரிழப்பு.

மூன்றில் மூத்தது சி.ஐ.வி.எஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ மயர்ஸ் 2003 முதல் நடத்திவரும் இச்சேவை (விரித்தால், கோண்டோர்செ இணைய வாக்குப்பதிவுச் சேவை), கோண்டோர்செ முறையில் வாக்கெடுக்கிறது. வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, வேட்பாளர்கள் அனைவரையும் தம் விருப்பத்தின் வரிசையில் அடுக்குகிறார். அதன்பின் ஒவ்வொரு இணையும் தனித்தனியே மோதவிடப்பட்டு, மற்ற எல்லோரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடியவர் இருந்தால் அவரே வெற்றியாளர் ஆகிறார். ஒத்த கருத்துடைய இருவர் போட்டியிடுவதால் வாக்கு பிளந்து மூன்றாமவர் நுழைந்துவிடும் விபத்து இதில் பெரும்பாலும் நேராது என்பதால் மென்பொருள் சமூகங்கள் இம்முறையை விரும்புகின்றன. ஓபன்ஸ்டாக் திட்டம் தன் தொழில்நுட்பக் குழுவையும் அணித்தலைவர்களையும் இதன் வழியே பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்தது. குபெர்நெடிஸ் சமூகத்தின் வழிகாட்டுக் குழுத் தேர்தலும் 2017இல் தொடங்கிச் சில ஆண்டுகள் இங்கேதான் நடந்தது.

பைத்தான் மொழியை உருவாக்கிய குயிடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது, அடுத்த தலைவர் யார் என்பது மட்டுமல்லாமல், தலைமை என்ற அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதே தீர்மானிக்கப்படாமல் இருந்தது. ஏழு முன்மொழிவுகளும் ‘மேலும் விவாதிக்கலாம்’ என்ற எட்டாவது தெரிவும் அவ்வாண்டு டிசம்பரில் சி.ஐ.வி.எஸ் வழியாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவை ஏற்படுத்தும் பெப் 8016 என்ற எண்ணிட்ட முன்மொழிவு வென்றது. 2019 தொடக்கத்திலேயே முதல் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. எட்டுத் தெரிவுகளுள் ஒன்றை மட்டும் குறிக்கச் சொல்லியிருந்தால், மிகச் சிறிய பங்கு வாக்குகளோடு ஒரு முன்மொழிவு முதலிடம் பெற்று, அதன் தகுதி பற்றிய சச்சரவு நீண்டிருக்கக்கூடும். வரிசைப்படுத்தும் முறையின் பயன் இத்தகைய இடத்தில்தான் துலக்கமாகத் தெரிகிறது.

பயன்பாட்டு நோக்கில் சி.ஐ.வி.எஸ் எளிமையானது. அலுவலர் வேட்பாளர் பட்டியலையும் வாக்காளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் உள்ளிடுகிறார். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தத்தக்க தனி இணைப்பு போய்ச் சேருகிறது. இருவரைச் சமமாக வைக்கலாம். ஒருவரைப் பற்றிக் கருத்து இல்லை என்றும் குறிக்கலாம். முடிவுப் பக்கம் இணைவாரியான மோதல்கள் அனைத்தையும் அட்டவணையாகக் காட்டுகிறது. யாரும் எல்லோரையும் வெல்லாமல் அ ஆவையும், ஆ இயையும், இ அவையும் வெல்லும் சுழல் நேர்ந்தால் அதை அவிழ்ப்பதற்கு மினிமேக்ஸ், ஷுல்ட்சே, வரிசையிட்ட இணைகள் எனப் பல விதிகள் அங்கே கிடைக்கின்றன. அவ்விதியை முடிவுப் பக்கத்திலேயே மாற்றி மாற்றிப் பார்க்க முடியும் என்பதால், எந்த விதி செல்லும் என்பதைத் தேர்தல் அறிவிப்பிலேயே எழுதி வைப்பது கட்டாயம். இதை விட்டுவிட்டால், தமக்குச் சாதகமான விதியைப் பின்னர் சுட்டிக்காட்டி ஒருவர் முறையிடுவதற்கு இடமாகிவிடும்.

வாக்காளரின் மின்னஞ்சல் முகவரிகளை இச்சேவை சேமித்து வைப்பதில்லை. தனியுரிமைக்கு இது நல்லது. ஆனால் யார் இன்னும் வாக்களிக்கவில்லை என்பதை அலுவலர் அறிய முடியாது. நினைவூட்ட வேண்டுமென்றால் முழுப் பட்டியலுக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் ஒருவர் இருமுறை வாக்களிக்க இயலாது என்பதால் அச்சமின்றிச் செய்யலாம். இன்னொரு நிபந்தனையும் உண்டு: தமக்கு அஞ்சல் அனுப்பலாம் என்று வாக்காளர் முன்கூட்டியே சி.ஐ.வி.எஸ் தளத்தில் சம்மதம் தெரிவித்திருந்தால்தான் வாக்குச்சீட்டு அவருக்குக் கிடைக்கும். ஸ்பேம் என்ற முத்திரை விழாமலிருக்கச் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடுதான் இது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வாக்களிக்கும் ஒருவர் அந்தப் படியை மறந்துவிட்டால் அவருடைய வாக்குரிமையே கைநழுவிவிடுகிறது. வாக்குப்பதிவு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே சம்மத அறிவிப்பை அனுப்பத் தொடங்க வேண்டும் என்பது என் அழுத்தமான பரிந்துரை. முடிவு நேரத்தைப் பொறுத்தவரை, நாம் எழுதும் நேரம் வாக்காளருக்கான அறிவிப்பு மட்டுமே. வாக்கெடுப்பை முடித்து வைக்கும் பொத்தானை அலுவலர்தான் அழுத்த வேண்டும். உலகின் எந்த மூலையிலும் அந்தத் தேதி முடிந்த பிறகே கதவை அடைப்பது என்ற வழக்கத்தைப் பைத்தான் சமூகம் 2018இல் பின்பற்றியது. மற்றவர்களும் அதைப் பின்பற்றலாம்.

இனி அளவுகோலுக்கு வருவோம். சி.ஐ.வி.எஸ் தேர்தலில் தோற்ற வேட்பாளர் எதைச் சரிபார்க்க முடியும்? வாக்குச்சீட்டுகளைப் பெயரின்றி வெளியிடும் வசதியை அலுவலர் இயக்கியிருந்தால், அவர் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சீட்டுகளுள் தம்முடையது எது என்பதை உறுதியாக அறிய அவருக்கு வழியில்லை. எத்தனை பேருக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது என்ற எண்ணிக்கை தெரிகிறது. அவர்கள் யார் என்பது தெரிவதில்லை. அலுவலர் தம் கைவசமுள்ள சில போலி முகவரிகளைப் பட்டியலில் நுழைத்திருந்தால், சேவையின் பக்கத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டறிய முடியாது. வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே பொதுவில் வெளியிட்டு, அதன் எண்ணிக்கையும் சேவை காட்டும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இரண்டாவது அலுவலர் ஒருவர் ஒப்பிட்டுக் கையொப்பமிடுவது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனாலும் சர்வரை நடத்துபவரின் நேர்மையை நம்பித்தான் ஆக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நம்பிக்கைக்குரியதாகவே இச்சேவை இருந்துவருகிறது என்பது உண்மை. நம்பத் தகுந்தவராய் இருப்பதும் நம்ப வேண்டிய தேவையே இல்லாதிருப்பதும் வேறு வேறு என்பதால், என் அளவுகோலில் இது பாதித் தேர்ச்சிதான் பெறுகிறது.

ஹீலியோஸ் இந்த நம்பிக்கைத் தேவையை நீக்குவதற்கென்றே பிறந்தது. பென் அடிடா 2008இல் வெளியிட்ட இந்த அமைப்பைப் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவர் தேர்தலுக்குப் பயன்படுத்தியது. பைத்தானின் வழிகாட்டுக் குழுத் தேர்தல்களும் தொடக்க ஆண்டுகளில் இதில்தான் நடந்தன. வாக்கு, வாக்காளரின் உலாவியிலேயே குறியாக்கம் செய்யப்பட்டு (அதாவது, உரிய சாவியின்றிப் படிக்க இயலாதபடி மாற்றப்பட்டு), குறியாக்கிய வடிவத்தில் மட்டுமே சர்வருக்குச் செல்கிறது. எண்ணும்போதும் தனித்தனி வாக்குகள் திறக்கப்படுவதில்லை. இதில் பயன்படும் எல்கமால் என்ற குறியாக்க முறையின் ஒரு பண்பு காரணமாக, குறியாக்கிய வாக்குகளை ஒன்றோடொன்று பெருக்கினால் அவற்றின் கூட்டுத்தொகையின் குறியாக்கம் கிடைத்துவிடுகிறது. அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் திறந்தால் போதும். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நூறு வாக்குகளை ஒரே சீட்டில் திணித்துவிடாதபடி, உள்ளே இருப்பது பூச்சியமோ ஒன்றோதான் என்ற கணிதச் சான்றும் ஒவ்வொரு சீட்டோடும் இணைக்கப்படுகிறது. அந்தச் சான்று சீட்டின் உள்ளடக்கத்தை வெளிப்படுத்துவதில்லை.

வாக்களித்ததும் வாக்காளருக்கு ஒரு கண்காணிப்புக் குறியீடு கிடைக்கிறது. தேர்தலின் பொதுப் பலகையில் அதே குறியீடு இருக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். உலாவி என் விருப்பத்தைத்தான் குறியாக்கியதா, வேறெதையாவது மாற்றிவிட்டதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. சீட்டைப் பதிவு செய்வதற்கு முன்பு ‘தணிக்கை செய்’ என்று சொன்னால், உலாவி தான் பயன்படுத்திய இரகசிய எண்களை வெளிக்காட்டி, குறியாக்கம் சரிதான் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். திறந்து காட்டிய அந்தச் சீட்டை அதன்பின் பதிவுசெய்ய முடியாது. புதிதாகக் குறியாக்கித்தான் அனுப்ப வேண்டும். தணிக்கை கேட்கப்படுமா இல்லையா என்பது குறியாக்கத்துக்குப் பிறகே தெரிவதால், ஏமாற்ற நினைக்கும் மென்பொருள் எந்த நேரத்திலும் பிடிபடக்கூடிய நிலையில் இருக்கிறது. இதை அழகான ஏற்பாடு என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஒரு சமூகத்தில் சில வாக்காளர்கள் மட்டும் தணிக்கை செய்து பார்த்தாலே, அதன் பயன் எல்லோரையும் சென்றடைகிறது.

தோற்றவர் இங்கே என்னென்ன செய்யலாம்? வாக்காளர் பட்டியலைப் பார்க்கலாம். ஒவ்வொரு சீட்டின் சான்றையும் தம் கணினியிலேயே சரிபார்க்கலாம். பெருக்கலைத் தாமே செய்து பார்க்கலாம். கூட்டுத்தொகையின் குறியாக்கம் முறையாக நீக்கப்பட்டதற்கான சான்றையும் சோதிக்கலாம். அளவுகோலை இந்தச் சேவை முழுமையாக நிறைவுசெய்கிறது. ஒரேயொரு எச்சரிக்கை தேவை: வாக்காளர் பெயர்களுக்குப் பதிலாகப் புனைபெயர் எண்களைக் காட்டும் வசதியும் ஹீலியோஸில் இருக்கிறது. யார் வாக்களித்தார்கள் என்பதை மறைக்க அது உதவும். ஆனால் அதை இயக்கினால், இல்லாத வாக்காளர்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. தலைமைத் தேர்தலுக்குப் பெயர்களைக் காட்டுவதே சரி என்று கருதுகிறேன்.

ஹீலியோஸின் உண்மையான இடர், சாவிகளில் இருக்கிறது. கூட்டுத்தொகையைத் திறக்கும் அதிகாரம் ‘அறங்காவலர்கள்’ என்று அழைக்கப்படுவோரிடம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வேறு யாரையும் சேர்க்காவிட்டால் சர்வரே ஒற்றை அறங்காவலராக இருந்துவிடும். அப்போது வாக்கின் இரகசியம் சர்வர் நடத்துபவரின் கையில்தான் இருக்கிறது. பலரைச் சேர்த்தால், அத்தனை பேரின் சாவிகளும் கூடினால்தான் முடிவு வெளிவரும். ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025இல் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. குறியாக்கவியல் ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் தன் நிர்வாகிகள் தேர்தலை ஹீலியோஸில் நடத்தியபோது, மூன்று அறங்காவலர்களுள் ஒருவரின் சாவி மீட்க முடியாதபடி தொலைந்துபோனது. வாக்குகள் அனைத்தும் பத்திரமாக இருந்தும் முடிவை எவராலும் அறிய இயலாமல், தேர்தலையே மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. அதன்பின் மூவரில் இருவர் சாவி இருந்தால் போதும் என்ற ஏற்பாட்டுக்கு மாறுவதாக அச்சங்கம் அறிவித்தது. இத்துறையின் தலைசிறந்த வல்லுநர்கள் கூடிய சங்கத்துக்கே இது நேர்ந்தது என்பதால், சாதாரணமான ஒரு மென்பொருள் சமூகம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அறங்காவலர் ஒவ்வொருவரும் சாவியின் நகலை இரு வேறு இடங்களில் வைத்திருக்கிறாரா என்பதை வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்வதும், அதே அறங்காவலர்களைக் கொண்டு ஒரு மாதிரித் தேர்தலை நடத்தி முடிவைத் திறந்து பார்ப்பதும் மிகையான முன்னெச்சரிக்கைகள் ஆகமாட்டா.

ஹீலியோஸின் இன்னொரு வரம்பு, அதன் கணிதத்திலிருந்தே வருகிறது. கூட்டுத்தொகையை மட்டும் திறப்பதால் ‘இவருக்கு ஆம், அவருக்கு இல்லை’ என்ற வகை வாக்குகளைத்தான் அது ஏற்கும், வரிசைப்படுத்த இடமில்லை. அக்காலத்தில் பைத்தானின் விதி, பிடித்த வேட்பாளர்கள் எத்தனை பேரை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்ற ஒப்புதல் வாக்குமுறையாக இருந்ததால் அவர்களுக்கு இது பொருந்தியது. இந்த வரம்பே சிறிய சமூகங்களுக்கு ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பன்னிரண்டு வேட்பாளர்களை வரிசைப்படுத்த 47 கோடியே 90 லட்சத்து 1,600 வழிகள் உள்ளன. முப்பது வாக்காளர்கள் கொண்ட ஒரு தேர்தலில் பெயரில்லாத சீட்டுகளை அப்படியே வெளியிட்டால், ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ ஒரு கைரேகையாகிவிடும். “முதலிடம் இவருக்கு, கடைசி ஐந்து இடங்கள் நான் சொல்லும் வரிசையில்” என்று ஒரு மேலாளர் தம் ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, பின்னர் வெளியான சீட்டுகளில் அந்த வரிசை இருக்கிறதா என்று தேட முடியும். மறு எண்ணிக்கைக்கு இடமளிக்கும் வெளிப்படைத்தன்மையும் வாக்காளரின் இரகசியமும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. சில நூறு வாக்காளர்களும் நான்கைந்து வேட்பாளர்களும் உள்ள இடத்தில் சீட்டுகளை வெளியிடலாம்; மிகச் சிறிய சமூகத்தில் வெளியிடாமலிருப்பதையோ, ஹீலியோஸைப் பயன்படுத்துவதையோதான் நான் ஆதரிப்பேன்.

இந்த மோதலை டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் தனக்கென எழுதிய மென்பொருளால் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. மின்னணுக் கையொப்பமிட்ட அஞ்சலாக வாக்கு அனுப்பப்படுகிறது. பதிலாக ஓர் இரகசியச் சொல் வருகிறது. முடிவு வெளியாகும்போது வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலும், ஹாஷ் குறியீடுகளோடு கூடிய சீட்டுப் பட்டியலும் தனித்தனியாக வெளியிடப்படுகின்றன. தம் இரகசியச் சொல்லைக் கொண்டு ஹாஷைக் கணக்கிட்டு, தம் சீட்டு சரியாக உள்ளதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். மொத்தத்தை எவரும் எண்ணலாம். ஆண்டுதோறும் நடக்கும் அத்திட்டத்தின் தலைவர் தேர்தலில் ஒரு வாரம் வேட்புமனுவுக்கும், மூன்று வாரங்கள் கருத்துப் பரப்புரைக்கும், இரண்டு வாரங்கள் வாக்குப்பதிவுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ‘இவர்களில் யாருமில்லை’ என்ற தெரிவும் எப்போதும் சீட்டில் இருக்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்பது தேர்தலை நடத்தும் செயலருக்குத் தெரியக்கூடும் என்பதே இந்த ஏற்பாட்டின் குறை. சேவையாக வெளியாருக்கு இது கிடைப்பதில்லை என்பதால் மதிப்பிடப்படும் மூன்றில் இதைச் சேர்க்கவில்லை. ஆயினும் கனமான கணிதமின்றியே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

மூன்றாவதான எலெக்டோ, குபெர்நெடிஸ் சமூகம் சி.ஐ.வி.எஸ்ஸிலிருந்து விலகி, 2021 முதல் தன் வழிகாட்டுக் குழுத் தேர்தலுக்குப் பயன்படுத்திவரும் மென்பொருள். இதில் தேர்தல் என்பதே ஒரு கிட் களஞ்சியம், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கோப்புத் தொகுப்பு. தொடக்க நேரம், முடிவு நேரம், இடங்களின் எண்ணிக்கை, அலுவலர்களின் பெயர்கள் ஆகியவை ஒரு கோப்பிலும், தகுதியுள்ள வாக்காளர்கள் இன்னொரு கோப்பிலும், ஒவ்வொரு வேட்பாளரின் அறிமுகமும் தனித்தனிக் கோப்பிலும் இருக்கின்றன. வாக்காளர், இத்தகைய களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் தமக்குள்ள கணக்கின் வழியே நுழைந்து வரிசைப்படுத்துகிறார். ஷுல்ட்சே முறையில் முடிவு கணக்கிடப்படுகிறது. மின்னஞ்சல் எதையும் இது அனுப்புவதில்லை என்பதால் ஸ்பேம் தொல்லையும் சம்மதத் தொல்லையும் ஒரே அடியில் மறைகின்றன. அதற்கு ஈடாக, நினைவூட்டும் வேலை முழுவதும் அலுவலரின் தலையில் விழுகிறது. வாக்காளர் தாமே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்தால், வாக்குப்பதிவு முடிவதற்குள் தம் சீட்டைத் திரும்பப் பெற்று மறுபடி வாக்களிக்கலாம்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பதில் எலெக்டோ எந்தப் புதுமையையும் தரவில்லை. சீட்டுகள் தரவுத்தளத்தில் உள்ளன. தரவுத்தளத்தை ஆள்பவரை நம்ப வேண்டும். ஹீலியோஸ் தரும் கணிதச் சான்றுகள் இங்கே இல்லை. அப்படியிருந்தும் இதை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் அந்த வாக்காளர் கோப்புதான். நான் பங்கேற்ற தேர்தல்களில் எழுந்த பூசல்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியவை அல்ல. யாருக்கு வாக்குரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பற்றியவையே. எலெக்டோவில் ஒரு பெயரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் அது ஒரு கமிட்டாக, அதாவது களஞ்சியத்தின் மாற்றக் குறிப்பாகப் பதிவாகிறது: செய்தவர் யார், எந்த நாளில், என்ன காரணம் என்பவை அனைத்தும் எல்லோர் கண்முன்னும் இருக்கின்றன. தோற்றவர் தம் ஐயத்தை முதலில் எங்கே கொண்டுபோவாரோ, அங்கேயே பதில் காத்திருக்கிறது.

வாக்காளர் பட்டியல் ஏன் இவ்வளவு சிக்கலானது? பங்களிப்பை அளக்க எளிதான வழி கமிட்டுகளை எண்ணுவது. ஆனால் ஒரே ஆள் அலுவலக முகவரியிலும் சொந்த முகவரியிலும் கமிட் செய்திருந்தால் அவர் இருவராகத் தோன்றுவார். மொழிபெயர்ப்பாளரும், ஆவணம் எழுதுபவரும், புதியவர்களின் கேள்விகளுக்கு ஆண்டு முழுவதும் பொறுமையாகப் பதில் சொல்பவரும் கமிட் கணக்கில் வரவே மாட்டார்கள். குபெர்நெடிஸ் ஓர் ஆண்டில் ஐம்பது பங்களிப்புகள் என்று வரம்பு வைத்து, விடுபட்டோர் விண்ணப்பிப்பதற்கு விதிவிலக்குப் படிவத்தையும் வைத்தது; எலெக்டோ அந்தப் படிவத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஓபன்ஸ்டாக்கிலும் நிரல் எழுதாத பங்களிப்பாளர்களை அணித்தலைவர்கள் பரிந்துரைத்துப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. விதிவிலக்கு கோருவதற்கான கடைசி நாள், வேட்பாளர் பட்டியல் வெளியாவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. போட்டியிடுபவர் யாரென்று தெரிந்தபின் சேர்க்கப்படும் ஒவ்வொரு வாக்காளரும் ஒரு தரப்பின் ஆளாகவே பார்க்கப்படுவார். அலுவலர்கள் மூவராக இருப்பதும், அவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இல்லாதிருப்பதும், அவர்களுள் யாரும் போட்டியிடாதிருப்பதும் அடிப்படைத் தேவைகள்.

பல இடங்களுக்கான தேர்தலில் மூன்று சேவைகளுமே தம் வழக்கமான முறையில் கைவிடும் ஓரிடம் உண்டு. நூறு வாக்காளர்களில் அறுபது பேர் ஒரு நிறுவனத்தின் அணியையும், நாற்பது பேர் தன்னார்வலர்களின் அணியையும் ஆதரிக்கிறார்கள் என்று கொள்வோம். மூன்று இடங்களுக்குக் கோண்டோர்செ வரிசையின் முதல் மூவரை எடுத்தாலும், ஒப்புதல் வாக்குகளில் முதல் மூவரை எடுத்தாலும், மூன்றும் அறுபது பேரின் அணிக்கே போய்விடும். வென்றவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகளையும் விலக்கப்பட்டவரின் வாக்குகளையும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் மாற்றத்தக்க ஒற்றை வாக்குமுறையில் வெற்றிக்குத் தேவைப்படும் அளவு 26 வாக்குகள். அறுபது பேரின் அணி இரண்டு இடங்களையும் நாற்பது பேரின் அணி ஓர் இடத்தையும் பெறும். அப்பாச்சி அறக்கட்டளை தன் ஒன்பது இயக்குநர்களை இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கிறது. சி.ஐ.வி.எஸ்ஸில் விகிதாசார முறை ஒன்று கூடுதல் தெரிவாக உள்ளது; ஹீலியோஸில் அதற்கு வழியில்லை. நிறுவன ஆதிக்கத்தைத் தடுக்கப் பல சமூகங்கள் வரம்பு விதியை நாடியுள்ளன: குபெர்நெடிஸ் குழுவின் ஏழு இடங்களிலும், பைத்தான் குழுவின் ஐந்து இடங்களிலும் ஒரே நிறுவனத்தவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பைச் சி.ஐ.வி.எஸ்ஸோ ஹீலியோஸோ தாமாகச் செயல்படுத்துவதில்லை. முடிவு வந்தபின் அலுவலர் கையால் செய்ய வேண்டும். வரிசையில் மேலே உள்ள இருவரை வைத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் மற்றவர்களை விலக்குவது, அதன்பின் அடுத்தவரை ஏற்றுவது என்ற ஒழுங்கை முன்னரே எழுதிவைக்காவிட்டால், அலுவலர் செய்யும் நேர்மையான வேலைகூட ஒருவரைக் குறிவைத்த நீக்கமாகத் தோன்றிவிடும்.

ஒரேயொரு பதவிக்கான தேர்தலையோ, பல முன்மொழிவுகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பையோ சில பத்து பேர் கொண்ட இணக்கமான சமூகம் நடத்துவதென்றால் சி.ஐ.வி.எஸ் போதும், ஒரு மாலைப் பொழுதிலேயே அமைத்துவிடலாம். கிட்ஹப்பில் இயங்கும் பெரிய திட்டம், சொந்தமாகச் சர்வரைப் பராமரிக்கும் ஆட்களும் உடையது என்றால் எலெக்டோவைத் தேர்ந்தெடுக்கலாம். கிட்ஹப் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பாத பங்களிப்பாளர்கள் கணிசமாக உள்ள சமூகத்துக்கு அது பொருந்தாது. தரப்புகள் பிளவுபட்டு, அலுவலர்கள் மீதே ஐயம் நிலவும் சூழலில் ஹீலியோஸைத் தவிர மற்ற இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் வாக்காளரை மிரட்டித் தம் கண்முன்னேயே வாக்களிக்கச் செய்யும் நிலைமைக்கு ஹீலியோஸும் மருந்தாகாது. அத்தகைய நெருக்கடி குறைவான தேர்தல்களுக்கே அது உருவாக்கப்பட்டது என்பதை அதை உருவாக்கியவரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

ஹீலியோஸின் வழியில் வந்த பெலெனியோஸ் என்ற பிரெஞ்சு ஆய்வகப் படைப்பையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். வாக்குரிமைக் குறியீடுகளை வழங்கும் பொறுப்பைச் சர்வரிடமிருந்து பிரித்து வேறொருவரிடம் ஒப்படைக்க முடிவதால், சர்வரே விரும்பினாலும் போலி வாக்குகளைச் சேர்க்க இயலாது. மூவரில் இருவர் சாவி போதும் என்ற ஏற்பாடும், வரிசைப்படுத்தும் வாக்குச்சீட்டும் அதில் உள்ளன. ஏழு இடங்கள் கொண்ட ஒரு குழுவுக்கான தேர்தலை நடத்தும் பொறுப்பு அடுத்து எனக்கு வந்தால், எலெக்டோவைப் போல வாக்காளர் பட்டியலைப் பொதுக் களஞ்சியத்தில் கமிட் கமிட்டாக வளர்த்து, வாக்குப்பதிவைப் பெலெனியோஸில் மாற்றத்தக்க ஒற்றை வாக்குமுறையில் நடத்துவேன். குறியீடுகளை வழங்கும் பொறுப்பை, முந்தைய தேர்தலில் தோற்ற தரப்பு நம்பும் ஒருவரிடம் கொடுப்பேன்.